கோட்டுக்குக் கீழே எழுதியது

காரைக்குடி
11.7.1968, வியாழன் இரவு

அன்புள்ள அத்தா அவர்களுக்கு, மகள் லத்தீபா சலாம் சொல்லி எழுதிக்கொள்வது.

இந்தக் கையெழுத்து உங்களுக்குப் பழக்கமானதுதான். ஆனால் இது மீரான் சாகிபு மாமாவின் கையெழுத்து இல்லை. மாமாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை விழுந்து இரண்டு வருடமாகிறது. அன்றிலிருந்து அம்மா சொல்லச் சொல்ல உங்களுக்குக் கடிதம் எழுதுவது நான்தான். உங்களிடமிருந்து வருவதைப் படித்துக் காட்டுவதும் நான்தான். மாமா ‘ழ’வுக்கு வாலை நீட்டிச் சுழிப்பார். அதைக்கூடப் பழகிக்கொண்டேன். அம்மாதான் அப்படி எழுதச் சொன்னார்கள். “சின்னப் பிள்ள படிக்குதுன்னு தெரிஞ்சா ஒங்கத்தா மனசு விட்டு எழுத மாட்டாக. மாமா எழுதுற மாதிரியே எழுதிட்டுப் போடி” என்றார்கள்.

நீங்களும் மனசு விட்டு எழுதிவிட்டீர்கள், அத்தா.

ஜூன் இருபதாம் தேதிக் கடிதம் போன புதன்கிழமை வந்தது. அம்மா முற்றத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார்கள். “சத்தமாப் படிடி, சொளகுச் சத்தத்துல ஒண்ணும் கேக்க மாட்டேங்குது” என்றார்கள். சலாமையும் நலவிசாரிப்பையும் சத்தமாகப் படித்தேன். அதற்கடுத்து, ‘மீரான் மச்சான், இனி உள்ளதை நீங்கள் மனதுக்குள் படித்துக்கொண்டு, சமயம் பார்த்து ஆசியாவிடம் பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள்’ என்று இருந்தது. ‘மீரான் மச்சான்’ என்பது வரை வாயைவிட்டு வந்துவிட்டது. “மாமாவுக்கு என்னவாம்?” என்று அம்மா கேட்டார்கள். “சலாம் சொல்லியிருக்காக” என்றேன்.

அடுத்த வரியில்தான், நீங்கள் ஈப்போவில் நிக்காஹ் செய்து மூன்று வருடம் ஆகிறது என்றும், ஒன்றரை வயதில் ஒரு பெண் குழந்தை இருக்கிறது என்றும் எழுதியிருந்தது.

அம்மா சொளகை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். காகிதத்தைப் பார்த்தபடியே இல்லாததைப் படித்தேன். ஈப்போவில் நல்ல மழை என்றேன். கடையில் புதுச் சரக்கு வந்து இறங்கியிருக்கிறது என்றேன். அதற்கு மேல் ஒன்றும் தோன்றாமல், ‘உன் நினைவாகவே இருக்கிறேன்’ என்று முடித்தேன். அதைக் கேட்ட பிறகுதான் அம்மா மறுபடியும் புடைக்க ஆரம்பித்தார்கள்.

அது உண்மையா, அத்தா? வேறு யாரோ தன் வீட்டுக்கு எழுதச் சொன்னதை நீங்கள் தவறி எங்கள் கடிதத்தில் எழுதிவிட்டீர்களா? கடையில் படிக்கத் தெரியாதவர்களுக்கெல்லாம் நீங்கள் எழுதிக் கொடுப்பீர்கள் என்று அம்மா சொல்லியிருக்கிறார்கள். அப்படி ஏதாவது இருந்தால் உடனே எழுதுங்கள். கடிதத்தை உடைப்பது நான்தான். எனக்கு என்று தனியாக எழுதினால் போதும், அம்மாவுக்குத் தெரியாது.

இந்த நேரத்தில் விளக்கை வைத்துக்கொண்டு உட்கார எனக்கு ஒரு சாக்கு இருக்கிறது. எங்கள் விசாலம் டீச்சர் கையெழுத்துப் பத்திரிகைக்காக ஆளுக்கு ஒரு சொல் கொடுத்திருக்கிறார்கள். அந்தச் சொல்லுக்கு அர்த்தம் என்ன, எங்கிருந்து வந்தது, எங்கெங்கே பேசுகிறார்கள் என்று எழுத வேண்டும். சீட்டுக் குலுக்கியதில் எனக்கு வந்தது ‘அசல்’. மலாய்க்காரர்கள்கூட இந்தச் சொல்லைச் சொல்வார்கள் என்று பள்ளிவாசல் ஆலிம்சா சொன்னார். அப்படியா? பதிலில் அதையும் எழுதுங்கள். ஆனால் நான் முதலில் கேட்டதற்கு முதலில் பதில் எழுதுங்கள்.

எனக்குப் பயமாக இருக்கிறது. அம்மா திரும்பிப் படுக்கிற சத்தம் கேட்கிறது.

உங்கள் மகள்
லத்தீபா


ஈப்போ
24.7.1968

பிரியமுள்ள ஆசியா பீவிக்கு, அசன் முகம்மதுவின் அநேக சலாம். அல்லாஹ்வின் கிருபையால் நான் இங்கே சுகம். நீயும் பிள்ளையும் அங்கே சுகமாக இருக்க ஐந்து வக்துத் தொழுகையிலும் துஆ செய்கிறேன். வெயிலில் அலையாதே. உடம்பைக் கவனித்துக்கொள். மற்றவை பின்னர்.

———

லத்தீபா, இந்தக் கோட்டுக்குக் கீழே உள்ளது உனக்கு மட்டும். மேலே உள்ளதை அம்மாவுக்குச் சத்தமாகப் படி. கோடு வந்ததும் நிறுத்திக்கொள்.

உன் கடிதத்தைக் கடையில் நின்றபடியே பிரித்தேன். துணி பார்க்க வந்த சீனத்து அம்மாள் இரண்டு தடவை கூப்பிட்ட பிறகுதான் தலையை நிமிர்த்தினேன். நான் கப்பல் ஏறும்போது உனக்கு ஆறு வயது. முன்பல் இரண்டும் விழுந்திருந்தது. இந்த எட்டு வருடமும் என் மனதில் உனக்கு ஆறு வயதாகவேதான் இருந்திருக்கிறது. அந்தப் பிள்ளை என் கடிதத்தைப் படிக்கும் என்று எனக்கு எப்படித் தோன்றும்?

நீ கேட்டதற்குப் பதில்: உண்மைதான். யாருக்காகவும் எழுதியது இல்லை. நான் எனக்காக எழுதியதுதான். அவள் பெயர் ரஹீமா. எங்கள் கடையில் வேலை பார்க்கும் ஒருவரின் தங்கை. நான் டைபாய்டில் இருபத்தெட்டு நாள் கிடந்தபோது அவர்கள் வீட்டில்தான் கிடந்தேன். இதற்கு மேல் உன்னிடம் எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

நீ மாற்றிப் படித்தது நல்லதாகப் போயிற்று, மகளே. யோசித்தால் அந்தக் கடிதத்தை நான் எழுதியே இருக்கக் கூடாது. வருகிற ஹஜ்ஜுப் பெருநாளுக்கு ஊருக்கு வருகிறேன். நேரில் நானே சொல்லிக்கொள்கிறேன். அதுவரை இப்படியே ஓட்டு. நீ கெட்டிக்காரி.

இனி உன் சொல்லுக்கு வருகிறேன். ஆலிம்சா சொன்னது சரி. ‘அசல் டாரி மானா?’ என்று இங்கே கேட்பார்கள். ‘உன் பூர்வீகம் எந்த ஊர்?’ என்று அர்த்தம். வந்த புதிதில் யாராவது அப்படிக் கேட்டால் ‘காரைக்குடி’ என்று பட்டென்று சொல்வேன். இப்போது கேட்டால் ஒரு நிமிடம் யோசிக்கிறேன். ஏன் என்று தெரியவில்லை. கலப்படம் இல்லாததை ‘அஸ்லி’ என்பார்கள். எங்கள் கடையில் பாத்திக் துணி வாங்க வருகிறவர்கள் முதலில் கேட்பது அதைத்தான். மெழுகு தடவிச் சாயத்தில் முக்கி எடுக்கிறதுதான் அஸ்லி பாத்திக். அச்சில் போட்டது போலி. பார்க்க இரண்டும் ஒன்றுபோல இருக்கும். கண்டுபிடிப்பது எப்படி என்றால், துணியைத் திருப்பிப் பார்க்க வேண்டும். அச்சுத் துணியின் பின்பக்கம் வெளிறிக் கிடக்கும். அசல் துணிக்கு முன்பக்கம், பின்பக்கம் கிடையாது. இரண்டு பக்கமும் ஒரே நிறம், ஒரே பூ. நான் விரல் நுனியால் தொட்டே சொல்லிவிடுவேன். இந்த ஊரில் நான் கற்றுக்கொண்ட ஒரே வித்தை அது.

இதைக் கட்டுரையில் எழுது. டீச்சர் மெச்சுவார்கள்.

அத்தா


காரைக்குடி
9.8.1968, வெள்ளி இரவு

அன்புள்ள அத்தா அவர்களுக்கு லத்தீபாவின் சலாம்.

நீங்கள் சொன்னபடி கோட்டோடு நிறுத்திக்கொண்டேன். “அவ்வளவுதானா?” என்று அம்மா கேட்டார்கள். “அவ்வளவுதான்” என்றேன். அம்மா கடிதத்தை என் கையிலிருந்து வாங்கி, வழக்கம்போல முகர்ந்து பார்த்துவிட்டு, உங்கள் கடிதங்கள் இருக்கும் டின்னில் வைத்தார்கள்.

அந்த டின்னில்தான் எனக்குச் சங்கடமே. நீங்கள் அறிய மாட்டீர்கள். உங்கள் கடிதம் ஒரு தடவை படிப்பதோடு தீராது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மத்தியானம் சோறு உண்ட பிறகு, பக்கத்து வீட்டு மலையம்மாள் பெரியம்மா வருவார்கள். அம்மா டின்னைத் திறந்து பழையதையும் புதியதையும் எடுத்துக் கொடுப்பார்கள். நான் மறுபடியும் படிக்க வேண்டும். மாமா படித்த காலத்திலிருந்து அப்படித்தான். உங்கள் பழைய கடிதங்கள் அம்மாவுக்கு மனப்பாடம். நான் ஒரு சொல்லை விட்டால் எடுத்துக் கொடுப்பார்கள்.

ஜூன் கடிதத்தை இதுவரை ஐந்து வெள்ளிக்கிழமை படித்துவிட்டேன். முதல் தடவை என்ன சொன்னேன் என்பது எனக்கே மறந்துபோயிற்று. போன வாரம், கடையில் கூட்டமே இல்லை, வெயில் கொளுத்துகிறது என்று படித்தேன் போல. மலையம்மாள் பெரியம்மா வெற்றிலையை மெல்லுவதை நிறுத்திவிட்டு, “ஏ ஆத்தா லத்தீபா, போன வாரம் அந்த ஊருல மழ பெஞ்சுச்சு. இந்த வாரம் அதே கடுதாசியில வெயிலடிக்குதே, இது என்னடி அதிசயம்!” என்றார்கள்.

“வரி மாத்திப் படிச்சுட்டேன் பெரியம்மா” என்றேன்.

அம்மா சிரிக்கவில்லை. என் முகத்தையே பார்த்தார்கள். பிறகு, “பேச்ச மாத்துறதுல அசல் ஒங்கத்தாவேதான்” என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்கள். எனக்கு உள்ளங்கை வேர்த்து, காகிதத்தில் ஒரு எழுத்து ஊறிவிட்டது.

ஆனால் அதையும் என் கட்டுரையில் சேர்த்துக்கொண்டேன். ஜாடையும் குணமும் அப்படியே இருந்தால் ‘அசல் அவுகதான்’ என்கிறோம் அல்லவா? எழுதியதை உங்களுக்கும் சொல்கிறேன். அரபியில் அஸ்ல் என்றால் வேர், மரத்தின் அடி என்று ஆலிம்சா சொன்னார். கிளைக்கு வேறு சொல் இருக்கிறதாம். நவாபு காலத்துச் சர்க்கார் கச்சேரிக் காகிதங்களோடு இது தமிழுக்கு வந்திருக்கும் என்றும், அதற்கு முன் மூலம், மெய் என்று நம்மவர்கள் சொல்லியிருப்பார்கள் என்றும் டீச்சர் சொன்னார்கள். அண்டை அசல் என்பதில் வருவது இது இல்லையாம், அது அயல் என்ற சொல் திரிந்தது, சேர்த்துக் குழப்பாதே என்றார்கள். நம் ஊரில் அசல் என்றால் முதலில் வட்டிக்கடைதான் எல்லோருக்கும் நினைவு வருகிறது. அடுத்தது பத்திரம். அப்புறம் நெய், தேன், பட்டு. பாத்திக் துணியைப் பற்றி நீங்கள் சொன்னதை எழுதினேன். டீச்சர் அந்த இடத்தில் மட்டும் சிவப்பு மையில் ‘மிக நன்று’ என்று போட்டார்கள். “யார் சொன்னது?” என்று கேட்டார்கள். “எங்க அத்தா” என்று சொன்னபோது எனக்குப் பெருமையாகவும் இருந்தது, அழுகையாகவும் வந்தது.

நகல் என்பதும் அரபிதானாம். ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போவது என்று முதல் அர்த்தமாம். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு மனசு சரியாக இல்லை. உங்களிடமிருந்து அம்மாவிடம் தூக்கிக்கொண்டு போகிறவள் நான்தானே? வழியில் கொட்டிவிட்டு வேறு எதையோ கொண்டு போய்க் கொடுக்கிறேனே?

என்னால் முடியவில்லை, அத்தா. புருஷன் பெண்சாதிக்கு என்னவெல்லாம் எழுதுவார்கள் என்று எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது மழையும் வெயிலும்தான். பெருநாளுக்கு இன்னும் ஆறு மாதம் இருக்கிறது. நீங்களே அம்மாவுக்கு உள்ளதை எழுதிவிடுங்கள். நான் படித்துவிடுகிறேன். அம்மா அழுதால் நான் பக்கத்தில் இருப்பேன்.

லத்தீபா


ஈப்போ
22.8.1968

என் கண்ணின் மணியான ஆசியாவுக்கு, உன் பிரியமுள்ள கணவன் எழுதிக்கொள்வது. சலாம். இங்கே நல்ல மழை. கடையில் புதுச் சரக்கு வந்து இறங்கியிருக்கிறது. எத்தனை வேலை இருந்தாலும் உன் நினைவாகவே இருக்கிறேன். உண்ணும்போதும் உன் நினைவு, உறங்கும்போதும் உன் நினைவு. உன் கைச் சோறு எப்போது கிடைக்கும் என்று நாள் எண்ணிக்கொண்டிருக்கிறேன். தேவகோட்டை ஹபீப் ரகுமான் இந்த வாரம் கப்பல் ஏறுகிறார். அவரிடம் உனக்கு ஒரு பாத்திக் கைலி கொடுத்து விட்டிருக்கிறேன். உடுத்திக்கொள். பிள்ளைக்கு ஒரு பேனாவும் வருகிறது.

———

லத்தீபா, மேலே உள்ளதை நிறுத்தி, நிதானமாக, எத்தனை வெள்ளிக்கிழமை வேண்டுமானாலும் படி. இனி நீயாக எதுவும் சேர்க்க வேண்டியதில்லை. நானே எழுதிக் கொடுத்துவிட்டேன். ஜூன் கடிதத்தைக் கிழித்து அடுப்பில் போட்டுவிடு. கேட்டால் கரையான் அரித்துவிட்டது என்று சொல்.

எழுதச் சொல்கிறாய். நான்கு தடவை உட்கார்ந்தேன், மகளே. ‘ஆசியா’ என்று எழுதிய பிறகு பேனா ஓடவில்லை. மச்சானுக்கு எழுதும்போது ஓடியது. உனக்கு எழுதும்போதும் ஓடுகிறது. அவளுக்கு நேராக எழுதத்தான் எனக்குத் தைரியம் இல்லை. இருபது வயதில் கட்டி வந்தேன். அவள் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. அதனால்தான் பயமாக இருக்கிறது.

இங்கே பிறந்த குழந்தை இப்போது ஓடியாடுகிறது. கடைக்குத் தூக்கி வந்தால் துணிக்கட்டு மேலேயே உறங்கிவிடுகிறது. உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்? நீ அதே வயதில் சாக்குமூட்டை மேல் அப்படித்தான் உறங்குவாய்.

பெருநாள் வரை பொறுத்துக்கொள். என் தங்கமல்லவா?

அத்தா


காரைக்குடி
12.9.1968, வியாழன் இரவு

அன்புள்ள அத்தா அவர்களுக்கு,

இது சின்னக் கடிதம். காலையில் பள்ளிக்குப் போகும் வழியில் பெட்டியில் போட்டுவிடுவேன்.

நீங்கள் எழுதிக் கொடுத்ததை நிதானமாகத்தான் படித்தேன். மழை, புதுச் சரக்கு, உன் நினைவாகவே இருக்கிறேன். படித்துக்கொண்டே வரும்போதுதான் எனக்குப் புரிந்தது. அது நான் ஜோடித்தது அத்தா. ஜூலையில் நான் உங்களுக்கு எழுதினேனே, அதிலிருந்து எடுத்து அப்படியே எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கையெழுத்தில் இருந்த என் பொய்யை நானே அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன்.

இன்று அம்மா அந்தி மஃரிபு தொழுதுவிட்டு வந்து டின்னை எடுத்து என் முன்னால் வைத்தார்கள். மூன்று கடிதங்களை எடுத்துப் பாயில் பரப்பினார்கள். அவர்களுக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் விரலை வைத்துக் காட்டினார்கள். ஜூன் கடிதம் நாலு பக்கம். மற்ற இரண்டிலும் குறுக்கே ஒரு கோடு.

“இதுக்கு மேல நாலு வரி இருக்கு. கீழ முழுப் பக்கம் இருக்கு. ஒன் கண்ணு இந்தக் கோட்டுக்கிட்ட வந்ததும் நின்னுருது. கீழ என்னடி இருக்கு?”

நான் அழுதேன்.

“சரி, சோத்தத் தின்னுட்டுப் படு. நாளைக்கி வெள்ளிக்கிழம. மலையம்மாள வர வேணாம்னு சொல்லிட்டேன். நீயும் நானும் மட்டும்” என்றார்கள்.

கடிதங்கள் இதோ என் பக்கத்தில்தான் இருக்கின்றன. அடுப்பில் இன்னும் கனல் இருக்கிறது. நீங்கள் சொன்னபடி செய்ய நல்ல சமயம். கரையான் கதையை அம்மா நம்ப மாட்டார்கள், ஆனால் பேசாமல் இருந்துவிடுவார்கள். எனக்குத் தெரியும். அதனால்தான் நான் அதைச் செய்யப் போவதில்லை.

நாளைக்குக் கோட்டைத் தாண்டிப் படித்துவிடுவேன். நீங்கள் கோபித்துக்கொண்டாலும் சரி. இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வரும்போது படித்து முடித்துப் பத்து நாளுக்கு மேல் ஆகியிருக்கும். உங்களைக் கேட்காமல் செய்ததற்கு மாப்புக் கேட்கிறேன்.

லத்தீபா


காரைக்குடி
20.9.1968, வெள்ளி

அம்மா சொல்லச் சொல்ல, சொன்னபடியே எழுதுகிறேன்.

அவுகளுக்கு ஆசியா பீவி சலாம்.

மாமா மாதிரி எழுத வேணாம், ஒன் கையெழுத்துலயே எழுதுன்னு பிள்ளகிட்டச் சொல்லிட்டேன். அதனால எழுத்து வேற மாதிரி இருக்கும். ஆரு எழுதுனதோன்னு நெனைக்க வேணாம்.

போன வெள்ளிக்கிழம ஒங்க மூணு கடுதாசியையும் லத்தீபா படிச்சா. மொத தடவ அழுதுக்கிட்டே படிச்சா. ரெண்டாந் தடவ படிக்கச் சொன்னேன். மூணாந் தடவையும் சொன்னேன். மூணு தடவையும் ஒரு எழுத்து மாறல. மழ மழயாவே இருந்துச்சு. அப்பத்தான் நம்புனேன்.

எனக்கு ரெண்டு நாளு சோறு எறங்கல. அத மறைக்கல. மூணாம் நாளு எந்திரிச்சுத் தண்ணி எடுக்கப் போனேன். வேற என்ன செய்ய?

ஒண்ணு கேக்குறேன். மச்சானுக்கு எழுத ஒங்களுக்கு மனசு வந்துச்சு. பதினாலு வயசுப் பிள்ளைக்கி எழுத மனசு வந்துச்சு. எனக்கு எழுதத்தான் தைரியம் இல்லையாக்கும். நான் கத்துனதே இல்லைன்னு எழுதிருக்கீக. கத்திருந்தா சொல்லிருப்பீகளோ?

இந்தப் பிள்ள ரெண்டு மாசமா கருகிப்போச்சு. வெளக்கு வச்சுப் பாடம் படிக்கிதுன்னு நெனச்சேன். ஒங்க பாரத்தத் தூக்கி அது தலையில வச்சுட்டீக. எனக்கு அதுதான் ஆறல. மத்தத நான் ஆத்திக்கிருவேன்.

ஹபீப் ரகுமான் கைலியக் கொண்டாந்து குடுத்தாரு. திருப்பிப் பாத்தேன். ரெண்டு பக்கமும் ஒரே நெறம், ஒரே பூவு. துணி அசல்தான். பொட்டியில வச்சிருக்கேன், உடுத்தல.

இன்னொண்ணையும் சொல்லிர்றேன். எட்டு வருசமா ஒங்க கடுதாசிய மோந்து மோந்து பாத்து வச்சிருக்கேன். அம்புட்டும் மனப்பாடம். சுகம், துஆ, ஒடம்பப் பாத்துக்க, மத்தது பின்னால. அந்தப் பின்னால வரவே இல்ல. கோட்டுக்குக் கீழ எழுதுனதுல வந்துச்சு. சாயத்துல முக்குறது, விரலால தொட்டே சொல்லிருவேன்னது, எந்த ஊருன்னு கேட்டா யோசிக்கிறது, துணிக்கட்டுல பிள்ள ஒறங்குறது. அதையெல்லாம் படிக்கப் படிக்க நீக பேசுற மாதிரியே இருந்துச்சு. ஏசவும் முடியல, நிறுத்தச் சொல்லவும் முடியல. அத மட்டும் நாலாந் தடவையும் படிக்கச் சொன்னேன். அந்தக் கடுதாசி எனக்கு வந்துருக்கணும். கண்ணின் மணியெல்லாம் எனக்கு வேணாம்.

அந்தப் பொம்பளைய விடுங்கன்னு சொல்ல மாட்டேன். அதுக்கும் மடியில பிள்ள இருக்கு. டைபாய்டுல கெடந்தப்போ கஞ்சி ஊத்துன கைய நான் ஏச மாட்டேன். பிள்ளைக்கி என்ன பேருன்னு ஒரு கடுதாசியிலயும் எழுதல. அத எழுதுங்க. லத்தீபாவுக்குத் தங்கச்சி இருக்குன்னா பேரு தெரியணுமில்ல.

பெருநாளுக்கு வந்தா வாங்க. இது ஒங்க வீடு. ஆனா வந்து சொல்லிக்கிறேன்னு தள்ளிப்போட இப்ப ஒண்ணுமில்ல, எல்லாம் எனக்குத் தெரியும். இனிமே எழுதுனா எனக்கு எழுதுங்க. கோடு போடாம எழுதுங்க. மேல நாலு வரி எனக்கு, கீழ ஒரு பக்கம் வேற ஆளுக்குன்னா இந்த வீட்டுல படிக்க ஆளில்ல. பிள்ள பரிச்சைக்குப் படிக்கணும். எழுத முடியலன்னா எழுதாதீக. நான் டின்ன மூடி வச்சுருவேன்.

வேற ஒண்ணுமில்ல.

ஆசியா பீவி

(அத்தா, அம்மா சொன்னதில் நான் எதையும் சேர்க்கவில்லை, எதையும் விடவில்லை. எழுதி முடித்ததும் இரண்டு தடவை படித்துக் காட்டினேன். “சரி” என்றார்கள். பிறகு, “நான் சொன்னதுதான்னு அவுகளுக்குத் தெரியணும்” என்று இடது கையை நீட்டினார்கள். நீங்கள் அனுப்பிய பேனாவிலிருந்துதான் மையை எடுத்து விரலில் தடவினேன். கீழே இருப்பது அம்மாவின் பெருவிரல் ரேகை. ஓரத்தில் கொஞ்சம் கலைந்திருக்கிறது. வேறொரு தாளில் எழுதி, இன்னொன்று வைக்கட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், இதுவே போகட்டும் என்றார்கள். — லத்தீபா)